புனித பத்திரிசியார் பெருவிழா: சொல் விளக்கம்

மார்ச் 17 அன்று அயர்லாந்து கொண்டாடும் 'செயின்ட் பேட்ரிக்ஸ் டே', தமிழில் பெரும்பாலும் 'புனித பேட்ரிக் தினம்' என்றே எழுதப்படுகிறது. கூடவே பச்சைச் சட்டையும் பீர் கோப்பையும் படமாக வந்துவிடும். 'தினம்' என்றதும் மகளிர் தினம், காசநோய் தினம் வரிசையில் இன்னொன்று என்று தோன்றுகிறது. ஆனால் இது அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக் மறைந்த நாள். புனிதர்கள் இறந்த நாளை அவர்கள் விண்ணகத்தில் பிறந்த நாளாகக் கொண்டாடுவது திருச்சபையின் பழைய மரபு. நாயன்மார்களுக்கு அவர்கள் முக்தியடைந்த நட்சத்திரத்தில் குருபூஜை நடத்துகிறோமே, அந்த வகை நாள் இது.

ஐரிஷ் மொழியில் இதற்குப் பெயர் 'லா ஏலா பாட்ரிக்'. 'லா' என்றால் நாள். 'ஏலா' என்பது 'ஃபேலா' என்ற சொல்லின் திரிபு. இந்தத் தொடரில் முதல் எழுத்தின் ஒலி மறைந்துவிடும். 'ஃபேலா' லத்தீன் 'விகிலியா'விலிருந்து வந்தது. விழித்திருத்தல் என்று பொருள். விழாவுக்கு முந்தைய இரவு கண்விழித்து வேண்டியதிலிருந்து பிறந்த சொல். ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'திருவிழிப்பு' என்கிறார்களே, அதே கருத்துதான். அன்று ஐரிஷ்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்தும் நேர்ப்பொருளில் 'பேட்ரிக் திருநாளின் ஆசிகள்' என்பதே.

பெயரின் மூலம் லத்தீன் 'பத்ரீசியுஸ்'. உயர்குடியில் பிறந்தவர் என்று பொருள். தந்தையைக் குறிக்கும் 'பாத்தர்' அதன் வேர். ஐரிஷ் நாவில் அது 'பாட்ரிக்' ஆயிற்று, செல்லமாக 'பேடி'. ஆங்கிலம் வழியாக வந்த 'பேட்ரிக்'கைவிட, லத்தீனை ஒட்டி வரும் 'பத்திரிசியார்' தமிழில் நன்றாக ஒட்டுகிறது. அந்தோனியார், சவேரியார், செபஸ்தியார் என்று மரியாதை விகுதியோடு நாம் ஏற்கெனவே வழங்கும் பெயர்களின் வரிசையில் அது இயல்பாக உட்கார்ந்துவிடும். யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரி இந்தப் பெயரை நெடுங்காலமாகத் தாங்கி நிற்கிறது.

உயர்குடிப் பெயர் கொண்ட அந்த மனிதர் அடிமையாக வாழ்ந்தவர். இதை நாம் கதைகளிலிருந்து அல்ல, அவரே எழுதியதிலிருந்து அறிகிறோம். ஐந்தாம் நூற்றாண்டில் அவர் எழுதிய இரண்டு லத்தீன் நூல்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று 'கன்ஃபெஸ்ஸியோ'. தன் பிழைகளை ஒப்புக்கொள்வதும் இறைவனைப் புகழ்ந்து சாட்சி சொல்வதும் அச்சொல்லில் சேர்ந்தே உண்டு. பாவ அறிக்கை, விசுவாச அறிக்கை என்று இரண்டுக்கும் நாம் சொல்லும் 'அறிக்கை' அதற்கு மிகப் பொருத்தம். "நான் பத்ரீசியுஸ், பாவி, படிப்பறிவில்லாத நாட்டுப்புறத்தான்" என்ற தொனியில் அது தொடங்குகிறது. ரோமானிய பிரிட்டனில் பிறந்தவர். தந்தை திருத்தொண்டர் (டீக்கன்), பாட்டனார் குரு (பாதிரியார்). ஏறக்குறைய 16 வயதில் கடற்கொள்ளையர் பிடித்து அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஆறு ஆண்டுகள் ஆடுமாடு மேய்த்தார். பனியிலும் உறைபனியிலும் மழையிலும் விடியுமுன் எழுந்து, பகலில் நூறு முறை வரை செபித்ததாகச் சொல்கிறார். பிறகு தப்பி வீடு சேர்ந்தார். ஒரு நாள் கனவில், மேற்குக் கடலோரத்துக் காட்டருகே வாழ்ந்த மக்கள் "மீண்டும் வந்து எங்களிடையே நட" என்று அழைத்த குரல் கேட்டது. தன்னை அடிமையாக்கிய மண்ணுக்கே ஆயராகத் திரும்பினார். 'ஆயர்' என்ற நம் சொல் மந்தை மேய்ப்பவரையும் மறைமாவட்டத் தலைவரையும் ஒருங்கே குறிப்பதால், அவர் வாழ்க்கையின் இரு பாதிகளும் அதில் அடங்கிவிடுகின்றன.

இன்னொரு நூல் ஒரு கடிதம். கொரோட்டிக்கஸ் என்ற தலைவனின் படைவீரர்கள் புதிதாகத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர்களைத் தாக்கினார்கள். வெள்ளாடை களையவில்லை, நெற்றியில் பூசிய எண்ணெயின் மணம் போகவில்லை. அதற்குள் சிலரை வெட்டி, மற்றவர்களை அடிமைகளாக ஓட்டிச் சென்றார்கள். அந்த வீரர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கி அவர் எழுதிய கடிதத்தில் கோபம் கொதிக்கிறது. அடிமை வாழ்வை உடம்பால் அறிந்தவரின் கோபம் அது. பாம்புகளை விரட்டியது, மூவிலைச் செடியான ஷாம்ராக்கைக் காட்டி மூவொரு கடவுளை விளக்கியது ஆகியவை பின்னால் சேர்ந்த கதைகள். அவர் எழுத்தில் இல்லை. இந்த நாளைக் கொண்டாடுவதன் மதிப்பு, என் பார்வையில், அந்த இரண்டு நூல்களில்தான் இருக்கிறது.

1768இல் கரீபியத் தீவான மான்செராட்டில் இதே மார்ச் 17இல் அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள். ஐரிஷ் வம்சாவளித் தோட்ட முதலாளிகள் விருந்தில் மூழ்கியிருப்பார்கள் என்பது கணக்கு. திட்டம் வெளியே கசிந்து, ஒன்பது பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அடிமையாக இருந்த ஒருவரின் திருநாளை அடிமை வைத்திருந்தவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. இன்று அங்கே அது அந்தத் தியாகிகளின் நினைவையும் சேர்த்து அனுசரிக்கும் பொது விடுமுறை.

குடியும் ஊர்வலமும் இந்த நாளின் அடையாளமானதில் புலம்பெயர்ந்தோருக்குப் பெரும் பங்கு உண்டு. நியூயார்க் ஊர்வலம் 1762இல் தொடங்கியது. அயர்லாந்திலோ நாள் அடக்கமாகவே கழிந்தது: காலையில் திருப்பலி, சட்டையில் ஒரு கொத்து ஷாம்ராக். 1903இல்தான் அரசு விடுமுறை வந்தது. 1920களின் இறுதியிலிருந்து 1960கள் வரும்வரை அன்று மதுக்கடைகளையே சட்டம் மூடிவைத்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் நடுவே வரும் நாள் என்பதையும் மறக்கக்கூடாது. நோன்பைத் தளர்த்த அன்று ஒருநாள் அனுமதி உண்டு.

தமிழ் வழிபாட்டு நாட்காட்டியில் இத்தகைய நாட்களுக்கு மூன்று படிநிலைகள் உண்டு: நினைவு, விழா, பெருவிழா. உலகத் திருச்சபைக்கு மார்ச் 17 விருப்ப நினைவு மட்டுமே. அயர்லாந்துக்கு அவர் பாதுகாவலர் என்பதால் அங்கே அது பெருவிழா. 2008இல் மார்ச் 17 ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் விழுந்தது. புனித வாரத்தில் புனிதர் விழா எதுவும் கூடாது என்பதால், அயர்லாந்துத் திருச்சபை பெருவிழாவை 15ஆம் தேதிக்கு மாற்றியது. டப்ளின் ஊர்வலம் 17ஆம் தேதியிலேயே நடந்தது. அந்த ஊர்வலத்தைப் பற்றி எழுதுபவர் 'பேட்ரிக் நாள்' என்று எழுதட்டும். கோயிலில் நடப்பதை எழுதும்போது 'புனித பத்திரிசியார் பெருவிழா' என்பதே சரியான சொல்.