கோப்பு முறைமை: நூலில் கோத்த சொல்

வட்டிலோ அட்டையிலோ கோப்புகளை ஒழுங்காக வைத்து எடுக்கும் ஏற்பாடான ஃபைல் சிஸ்டத்தைத் தமிழில் 'கோப்பு முறைமை' என்கிறோம். கோப்பு ஏதோ அலுவலகத்துக்காகச் செய்த சொல் போலத் தோன்றும். ஆனால் அதன் அடியில் இருப்பது 'கோ' என்ற வினை. மணி கோப்பது, பூக் கோப்பது. கோவையும் அதிலிருந்து வந்ததே. வேடிக்கை என்னவென்றால், ஃபைலும் இதே குடும்பம். லத்தீனில் ஃபீலும் என்றால் நூல். தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த பழக்கம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ஃபைல் ஆனது.

முறைமை என்றால் ஒழுங்கு, வரிசை. சிலர் 'கோப்பமைப்பு' என்றும் எழுதுகிறார்கள். சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு கோப்பின் உள்வடிவத்தைச் சொல்வதுபோல் குழப்புகிறது. என் ஓட்டு முறைமைக்கே.

சரி, இந்தச் சொல் எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க ஃபேட் முறைமையைத் திறந்து பார்க்க வேண்டும். 1977-இல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் எழுதியது. பெயரின் பொருள் 'கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை'. வட்டு சின்னச் சின்னக் கொத்துகளாகப் பிரிந்திருக்கும். ஒரு கோப்பு 5-ஆம் கொத்தில் தொடங்குகிறது என்று வையுங்கள். அட்டவணையின் 5-ஆம் கட்டத்தில் அடுத்த கொத்தின் எண்ணாக 6 என்றிருக்கும்; 6-இல் 9; 9-இல் முடிவுக்குறி. அவ்வளவுதான், மூன்று மணி கோத்த சரம்.

இந்த எளிமையால்தான் கேமரா, அளவீட்டுக் கருவி போன்ற உட்பொதி கருவிகள் இன்றும் ஃபேட்டை விடவில்லை. சில கிலோபைட் நினைவகம் உள்ள சில்லிலும் ஓடும்; அட்டையைக் கழற்றி விண்டோஸ், மேக், லினக்ஸ் எதில் செருகினாலும் படிக்கலாம். இதைப் 'பல்தள இணக்கம்' எனலாம். 'ஒத்திசைவு' என்று எழுதினால் இரு கருவிகளின் தரவைச் சமன்செய்யும் சிங்க் வேலையோடு கலந்துவிடுகிறது.

குறையும் உண்டு. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, அளவை எழுத 32 பிட்தான் இடம். எழுதும்போதே மின்சாரம் போனால் நூல் அறுந்துவிடும். நான் செய்த வெப்பநிலைப் பதிவுக் கருவி ஒன்றில் இது நடந்தது. விண்டோஸின் வட்டுச் சோதனை நிரலான செக்டிஸ்கை ஓட்டியபோது முனை தெரியாத சரங்களை .சிஎச்கே கோப்புகளாக அள்ளிப் போட்டது. எந்தச் சரம் எந்த நாளுடையது என்று திறந்து பார்த்துத்தான் பிரித்தேன்.

அப்புறம் 2006-இல் ஃபேட்டின் வழிவந்த எக்ஸ்ஃபேட் வந்தது; 32 ஜிபியைத் தாண்டிய எஸ்டி அட்டைகள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. அதன் விவரக்குறிப்பை 2019-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டபின் லினக்ஸின் மையநிரலிலேயே (கெர்னல்) இடம் கிடைத்தது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு கோப்பின் கொத்துகள் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து அமைந்தால் அட்டவணையில் சரம் தேவையில்லை என்று ஒரு குறி போட்டுவிடலாம். அதாவது, கோக்காத கோப்பு.