படத்தில் வலது ஓரம், கையில் எந்தப் பக்கம்?

எங்கள் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் பிசியோதெரபி மாணவர்களில் பாதிப் பேர், வந்த முதல் வாரத்திலேயே பெருமையாகச் செல்போனை நீட்டுகிறார்கள். எலும்புப் பெயர் வினாடி வினாச் செயலி. நூற்றுக்கு நூறு, தங்கப் பதக்கம், திரை முழுக்க வாணவேடிக்கை. மகிழ்ச்சிதான். அதே பிள்ளையின் கையில் கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் காறை எலும்பு ஒன்றைக் கொடுத்து, "இது வலதா, இடதா?" என்று கேட்டால் வாணவேடிக்கை அடங்கிவிடுகிறது. இதுவரை சிரித்துக்கொண்டே கடந்து வந்தேன். போன சம்பா நடவின்போது நடந்ததற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நடவு வயலின் வரப்பில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். ஊரில் யாரோ சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் போட்டு நீவிவிட்டிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்தும் வலி போகவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பிடிக்க முடியவில்லை. கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தார். எதிரே பயிற்சி மாணவி. மணிக்கட்டு எலும்புகளைக் கேட்டேன். ஸ்கேபாய்டு, லூனேட், ட்ரைகுவெட்ரல், பிசிபார்ம், ட்ரபீசியம், ட்ரபீசாய்டு, கேபிடேட், ஹேமேட் என்று எட்டையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "சரி, இந்த அம்மா கையில் ஸ்கேபாய்டைத் தொடு" என்றேன். அது இருப்பது கட்டைவிரல் பக்கம். அவள் விரலோ நேராகச் சுண்டுவிரல் பக்கம் போய் அழுத்தியது.

"அங்கே வலி இல்லை, பாப்பா" என்றார் அந்த அம்மா.

"வலி இல்லையாம் சார்" என்று திரும்பினாள் மாணவி, முறிவு இல்லை என்று முடிவே கட்டிவிட்ட முகத்தோடு.

ஏன் அங்கே தொட்டாள் என்று பிறகு செயலியைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அதில் எப்போதும் ஒரே படம்: வலது கை, உள்ளங்கை நம்மைப் பார்த்தபடி, விரல்கள் மேலே. அந்தப் படத்தில் ஸ்கேபாய்டு வலது ஓரத்தில் இருக்கும். அவள் "கட்டைவிரல் பக்கம்" என்று படிக்கவில்லை. "படத்தில் வலது ஓரம்" என்று படித்திருக்கிறாள். இடது கை கவிழ்ந்து எதிரே வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு தசைநாண்கள் புடைத்து எழும். நடுவே சின்னதாக ஒரு குழி விழும். குழியின் தரையில் கிடப்பதுதான் ஸ்கேபாய்டு. அங்கே நான் லேசாக அழுத்தியதுமே அந்த அம்மா "ஐயோ" என்று கையை இழுத்துக்கொண்டார். எலும்பு மருத்துவரிடம் அனுப்பினோம், முறிவுதான். கை ஊன்றி விழுந்தவருக்கு அந்தக் குழியில் வலித்தால், இல்லை என்று உறுதியாகும்வரை அதை முறிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது சாதாரணம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாக நுழைந்து பின்னோக்கி வருகிறது. இடையில் முறிந்து கவனிக்காமல் விட்டால், முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமின்றிச் செத்துப்போகக்கூடும்.

இப்போது அந்த நூற்றுக்கு நூறு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு எரிச்சல் மூட்டுவது அதுதான். நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வது தேர்வே அல்ல. தொடை எலும்பின் படத்தைப் போட்டு, கீழே தாடை எலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு, தொடை எலும்பு என்று கொடுத்தால் எங்கள் ஆட்டோக்காரரும் சரியாகத் தொடுவார். ஒரே படம் பத்தாவது முறை வரும்போது நீங்கள் எலும்பைப் பார்ப்பதில்லை. மஞ்சள் நிறம் அடித்த துண்டு, மேல் மூலை, இரண்டாவது விடை என்று விரல் தானாகப் போகிறது. கண்டுகொள்வது வேறு, நினைவிலிருந்து எடுப்பது வேறு, நோயாளியின் தோலுக்கு அடியில் தேடிப் பிடிப்பது இன்னும் வேறு. செயலி முதலாவதற்கு மதிப்பெண் போடுகிறது. நீங்கள் மூன்றும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறீர்கள். வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறுகளை ஒப்பிக்கிற பையனுக்கு எந்த மதகைத் திறந்தால் தன் வயலுக்குத் தண்ணீர் வரும் என்று தெரியாவிட்டால் அவன் அப்பா என்ன சொல்வார்? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

செயலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் பெயர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நல்ல பழக்கம். இடைவெளி விட்டுத் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நினைவில் நிற்க உதவும் என்பதும் உண்மை. (கல்லூரி எலும்புப் பெட்டி பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை என்கிறார்கள். அந்தக் கோபத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.) ஆனால் பெயரோடு நின்றுவிடாதீர்கள். முன்கையின் இரண்டு எலும்புகளில் ஆர எலும்பின் தலை முழங்கைப் பக்கம், அல்னாவின் தலை மணிக்கட்டுப் பக்கம். இதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தவன் மறக்கமாட்டான். கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவின் கழுத்து என்று செயலியில் ஒரு நொடியில் தொட்டுவிடுவீர்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் அதைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே கட்டுப் போட்டு இறுக்கிவிட்டால் பாதம் தொங்கிப்போகும். அதற்குச் செயலியில் கேள்வி இல்லை.

உடம்பில் மொத்தம் 206 எலும்புகள் என்று ஒப்பிக்கிற எண்ணும் அப்படித்தான். அது வளர்ந்தவரின் கணக்கு; குழந்தைகளுக்கு இணையாத துண்டுகள் நிறைய. எட்டு வயதுப் பிள்ளையின் முழங்கை எக்ஸ்ரேயில் எலும்பு ஓரத்தில் தனித்தனியாகத் தெரிகிற துண்டுகளைப் பார்த்து "நாலு இடத்தில் முறிவு" என்று அந்தப் பிள்ளையின் பெற்றோரையே நடுங்க வைத்த மாணவரும் உண்டு. அடிபடாத கையையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

மாணவர்களே, விடைகளைக் கையால் மூடிக்கொண்டு பெயரைச் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள். இடது பக்கப் படத்தைத் தேடுங்கள், பின்புறப் படத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் உங்கள் உடம்பில் விரலை வையுங்கள்: காறை எலும்பை மார்பிலிருந்து தோள் வரை தடவலாம், அல்னாவின் விளிம்பை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை விடாமல் தொடலாம். பிறகு அறைத்தோழனின் கையில், கவிழ்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து. எக்ஸ்ரே படத்தைக் கையில் எடுத்தால் முதலில் பெயர், தேதி, வல இடக் குறி. எலும்பு அப்புறம்.

ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்வது வேறு. வரப்பிலோ பைக்கிலோ விழுந்து மணிக்கட்டில் வலி என்றால், தயவுசெய்து யாரையும் நீவவிடாதீர்கள். கட்டைவிரலைத் தூக்கி அந்தக் குழியை நீங்களே அழுத்திப் பாருங்கள். வலித்தால் கையை அசைக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருந்து விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் வலி தொடர்ந்தால், பத்து முதல் பதினான்கு நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கலாம். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். போகும்போது பழைய எக்ஸ்ரே படத்தையே கொண்டுபோங்கள். ஜன்னலில் பிடித்துச் செல்போனில் எடுத்த புகைப்படத்தில் இந்த எலும்பின் மெல்லிய கோடு தெரியாது.