பேச்சு முடிந்ததும் வரும் ‘கர்ர்’

வாக்கி டாக்கியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அடிக்கடி சொல்வது இது: “எதிர்ல பேசி முடிச்சதும் காதுல கர்ர்னு அடிக்குது, என் செட்ல ஏதோ கோளாறு.” பெரும்பாலும் அந்த செட்டில் ஒன்றும் இருக்காது. கவனிக்க வேண்டியது பேசியவரின் செட்டை.

தன் குழுவின் பேச்சை மட்டும் கேட்க உதவும் சிடிசிஎஸ்எஸ் (CTCSS) முறையில், பேச்சுக்கு அடியில் 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான ஏதோ ஒரு டோன் ஓடிக்கொண்டே இருக்கும். அது வந்துகொண்டிருக்கும்வரைதான் கேட்பவரின் ஸ்பீக்கர் திறந்திருக்கும். பேச அழுத்தும் பிடிடி பொத்தானை விட்டதும், பேச்சையும் டோனையும் சுமந்து வரும் ரேடியோ அலையான கேரியர் சட்டென அறுந்துவிடும். டோன் போய்விட்டதை உறுதிசெய்ய, கேட்பவரின் செட்டில் டோனை அடையாளம் காணும் டிகோடருக்குத்தான் நேரம் பிடிக்கும். 67 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 15 மில்லிநொடி. சில சுற்றுகளாவது பார்க்காமல் அது எப்படி முடிவெடுக்கும்? அந்த இடைவெளியில் எஃப்எம் ரிசீவரின் வெற்று இரைச்சல் அப்படியே கொட்டுகிறது.

சரி, தீர்வு? பொத்தானை விட்டபிறகும் கேரியரை 200 மில்லிநொடி அளவுக்குப் பிடித்துவைத்து, அதற்குள் டோனின் கட்டத்தை, அதாவது அலை ஏறி இறங்கும் நிலையை, திருப்பி அனுப்புவது. இதுதான் ரிவர்ஸ் பர்ஸ்ட். ஆடும் ஊஞ்சலை எதிர்ப்பக்கம் தள்ளுவதுபோல, டிகோடர் உடனே அடங்கிவிடும். பழைய ரேடியோக்களில் டோனை உணர்ந்தது அதிரும் உலோக நாக்கு. தானாக நிற்க அது நேரம் எடுத்துக்கொண்டதால்தான் இந்த உத்தியே தேவைப்பட்டது.

கட்டத்தை எவ்வளவு திருப்புவது என்ற கோணத்தில்தான் சிக்கல் வருகிறது. சில செட்கள் 180 டிகிரி திருப்பும். சில 120 அல்லது 240. வெவ்வேறு தயாரிப்புகளைக் கலந்து வாங்கிய இடங்களில்தான் இந்தப் புகார் அதிகம். புரோகிராமிங்கில் டெயில் எலிமினேஷன் (முடிவு இரைச்சலை நீக்கும்) பகுதியைத் திறந்து எல்லா செட்டிலும் ஒரே கோணத்தை வையுங்கள். டோனுக்குப் பதில் டிஜிட்டல் குறியீட்டை அனுப்பும் டிசிஎஸ் (DCS) முறையில் இந்தக் குழப்பம் இல்லை; நிறுத்தக் குறியாக 134.4 ஹெர்ட்ஸ் டோனே போகிறது.

மெலிந்த சிக்னலையும் இரைச்சலையும் அடைத்துவைக்கும் ஸ்க்வெல்ச் குமிழை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். தொலைவிலிருந்து வரும் மெலிந்த அழைப்புதான் முதலில் பலியாகும்.

பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். பேச்சு முடிந்தபின் அது தன் கேரியரைச் சிறிது நேரம் பிடித்திருக்கும் அல்லவா, அப்போது டோனை மட்டும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். கேரியர் அறுவதற்குள் எல்லா செட்டும் மூடிக்கொள்ளும்.

ஆனால் பேசிக்கொண்டே ஒருவர் எல்லையைத் தாண்டிப் போனால் பர்ஸ்ட்டும் வந்து சேராது. அந்த இரைச்சலுக்கு எந்த அமைப்பும் உதவாது; ஆன்டெனாவைத்தான் பார்க்க வேண்டும்.