கல்லாகிப்போன பசை மறுபடி இளகுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மம்மாவின் ஊறுகாய்ச் சாடி உடைந்துவிட்டது, ஒட்டுவதற்கு எடுத்த பாரலாய்ட் பி-72 பசையோ டியூபுக்குள்ளேயே இறுகிக் கிடக்கிறது, எறிந்துவிடவா என்று கேட்கிறார்.

எறிய வேண்டாம். அது அருங்காட்சியகங்களில் மட்பாண்டம் ஒட்டப் பயன்படுத்தும் அக்ரிலிக் பிசின். அசிட்டோன் என்ற கரைப்பான் திரவத்தில் கரைத்து டியூபில் அடைத்திருப்பார்கள். அசிட்டோன் 56 பாகை செல்சியசிலேயே கொதிப்பது. மூடி கொஞ்சம் தளர்ந்தாலும் நம் வெக்கைக்கு ஆவியாகிவிடும். போனது அசிட்டோன் மட்டுந்தான், பிசின் அப்படியே இருக்கிறது. அதன் நீண்ட மூலக்கூறுகள் ஆறிய இடியப்பம்போலச் சிக்கிக் கிடக்கின்றன. ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பு இல்லை. இரண்டு டியூப் கலந்து ஒட்டும் எபொக்சி என்றால் அந்தப் பிணைப்பு உண்டாகிவிடும். இறுகினால் இறுகினதுதான், கரைத்து மீட்க முடியாது.

சரி, அசிட்டோனை ஊற்றினால் போதுமா? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த சங்கதி வருகிறது. கட்டியைப் போத்தலின் அடியில் போட்டால் அது ஊதி, வழுவழுப்பான களியாகி, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிளேன்டீயில் கலக்காத சீனி அடியில் கிடப்பதுபோலத்தான். சுற்றியுள்ள பாகு, புது அசிட்டோனைக் கிட்டவே விடாது. அதனால் கட்டியை நறுக்கி, மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, கண்ணாடிப் போத்தலின் மேற்பகுதியில் அசிட்டோனில் முங்கும்படி தொங்கவிட்டு மூடிவிட வேண்டும். பிசின் கரைந்த அசிட்டோன் வெறும் அசிட்டோனைவிடக் கனமானது. துணியிலிருந்து கண்ணாடி இழைபோல நெளிந்து கீழே இறங்கும். அந்த இடத்துக்குப் புது அசிட்டோன் தானே வந்து சேரும். யாரும் கலக்கவே வேண்டாம், புவியீர்ப்பே கலக்குகிறது! வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், அவ்வளவு அழகு.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியில் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

உடைந்த பாத்திரம் வீட்டில் இருந்தால் தரித்திரம் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தார். அந்தப் பேச்சால் எத்தனை வீட்டுச் சாடிகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனம் பொறுக்கவில்லை. தைரியமாக ஒட்டுங்கள். அப்புறம் அதில் ஊறுகாய் போட வேண்டாம், வெயில் விழும் ஜன்னலோரத்திலும் வைக்க வேண்டாம். 40 பாகையளவில் இந்தப் பிசின் இளகத் தொடங்கும். ஒட்டு கோணலாகிவிட்டால், அதே அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து வைத்துப் பிரித்தெடுத்து மறுபடி ஒட்டலாம்.