அஜின்கள் நிறைந்த ஊரில் ஓர் அஜின்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். பிளஸ் டூ முடித்த அஜின், வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கிக்கொண்டிருந்தான். பயனர் பெயராக 'அஜின்' எடுபடவில்லை. பிறந்த ஆண்டைச் சேர்த்தும் எடுபடவில்லை. அஜின், ஜெபின், சுபின் என்று தெருவுக்குத் தெரு பிள்ளைகள் இருக்கும் மாவட்டம் இது. "மக்களே, மெயில் முகவரியையே போட்டுவிடு" என்றார் கடைக்காரர். உடனே ஏற்றுக்கொண்டது.

காரணம் நம் ஊர்த் தபால் உறையிலேயே இருக்கிறது. 'புதுவீடு' என்ற வீட்டுப் பெயர் எத்தனையோ விளைகளில், அதாவது சிற்றூர்களில், உண்டு. கூடவே அஞ்சலகமும் 629 என்று தொடங்கும் பின்கோடும் இருப்பதால் கடிதம் வழி தவறுவதில்லை. மின்னஞ்சலில் அஞ்சலகத்தின் வேலையைச் செய்வது 'அட்' (@) குறிக்கு வலப்பக்கம் உள்ள பெயர். ஆளையும் கணினியையும் பிரித்துக் காட்ட 1971இல் ரே டாம்லின்சன் தேர்ந்தெடுத்த குறி அது. வலப்பக்கப் பெயரை உலகில் ஒருவருக்கு மட்டுமே பதிவு செய்து தருவார்கள். இடப்பக்கப் பெயர் இருவருக்குப் போகாமல் மின்னஞ்சல் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் உலகத்துக்கே ஒரே முகவரி.

ஒரு நுணுக்கம். ஜிமெயில் முகவரியின் இடப்பக்கத்தில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் வரும். பல தளங்களோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் அவற்றை இரண்டு ஆட்களாகக் கொள்ளும். 'என் கணக்கைக் காணவில்லை' என்று தவிப்பவர்கள் முதலில் அந்தப் புள்ளியைத் தேட வேண்டும்.

இந்த முறையின் ஆபத்து கடவுச்சொல்லை மறக்கும்போது தெரியும். தளம் ஒரு நீண்ட ரகசிய இணைப்பை உருவாக்கி, அந்த முகவரிக்கு அனுப்புகிறது. சிறிது நேரமே அது செல்லுபடியாகும். அதைத் திறப்பவர் புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். திறப்பது யார் என்று தளத்துக்குத் தெரியாது. ஆக, மெயில் பெட்டி யார் கையிலோ அவர் கையில்தான் மற்றக் கணக்குகளும்.

அதனால்தான் அஜினின் மெயிலை மீட்பதற்கு எந்தத் தொலைபேசி எண் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். கடைக்காரருடையது. அன்று அவசரத்தில் மெயிலைத் தொடங்கிக் கொடுத்தவர் அவர்தான். உதவி என்று நினைத்தே தன் எண்ணைப் போட்டிருந்தார். அஜின் அம்மாவின் எண்ணை மாற்றிப் போட்டான். சரிபார்க்கும் எண் அம்மாவின் போனுக்கு வந்தது. அவர் ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க, அவன் தட்டினான்.