லேஅவுட் வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடம் யாருடையது?

மாநகராட்சியில் நகரமைப்புப் பிரிவில் வேலை என்று சொன்னால், "பிளான் அப்ரூவல் கொடுக்கிறவரா?" என்றுதான் கேட்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் என் பதினெட்டு வருட சர்வீஸில் பாதி, காலி இடங்களைக் காலியாகவே வைத்திருக்கப் போராடியதில் போயிருக்கிறது.

போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். மஞ்சள் பைக்குள் 1986இல் அனுமதி வாங்கிய லேஅவுட்டின் நகல், மடிப்பெல்லாம் இற்றுப்போய் செல்லோடேப் ஒட்டியிருந்தது. பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதிய கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "தம்பி, இந்த இடத்துல நேத்து ஜேசிபி வந்து அஸ்திவாரம் தோண்டுது."

மறுநாள் கள ஆய்வுக்குப் போனேன். தோண்டிய குழிக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் பட்டாவோடு நின்றார். வங்கிக் கடன் வாங்கி, வக்கீலிடம் காட்டி, 30 வருட வில்லங்கச் சான்றும் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். லேஅவுட் போட்டவர் அன்றைய ஊராட்சிக்குப் பூங்காவைத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். பத்திரம் கோப்புக்குள் போனது. தாலுகா அலுவலகத்தில் பட்டாவை மாற்ற யாரும் மனு கொடுக்கவில்லை. அப்புறம் ஊராட்சி மாநகராட்சியோடு இணைந்தது. வேலியும் இல்லை, போர்டும் இல்லை. பட்டா பழைய பெயரிலேயே கிடக்க, வாரிசுகள் அதை வைத்து விற்றுவிட்டார்கள். தானப்பத்திரம் 1986ஆம் வருடத்தது என்பதால், அந்த 30 வருட வில்லங்கச் சான்றில் அது வரவே இல்லை!

இப்போதைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மழைநீர் இறங்கவும் பிள்ளைகள் விளையாடவும் அந்தப் பகுதிக்கென்று மிஞ்சுவது அது ஒன்றுதான். ஒருமுறை கட்டடம் ஏறிவிட்டால் அதை மீட்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

அதனால் மனை வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய லேஅவுட்டுக்கு நடுவே ஒரு காலி இடம் கொஞ்சம் மலிவாக வருகிறது என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அனுமதி எண் போட்ட லேஅவுட் வரைபடத்தைக் கேளுங்கள். பட்டா மட்டும் போதாது. வில்லங்கச் சான்றை லேஅவுட் போட்ட வருடத்திலிருந்தே போட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் பூங்காவின் சர்வே எண்ணை வருவாய்த் துறை இணையதளத்தில் போட்டால், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தனியார் பெயர் வந்தால் சங்கத்தின் பெயரில் மாநகராட்சிக்கும் தாசில்தாருக்கும் மனு கொடுங்கள். வரைபடம் கையில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

எல்லாவற்றையும் அதிகாரிகளே பார்க்கக்கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அரசியல் சாசனத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில், நகர உள்ளாட்சிகளுக்கான பணிகளில் முதலாவதாக இருப்பதே நகரத் திட்டமிடல். ஆனால் ஆள் பற்றாக்குறை கடுமை. நாட்டின் 7,933 நகர்ப்புறப் பகுதிகளில் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே இல்லை என்று நிதி ஆயோக் 2021இல் சொன்னது. நகரத் திட்டமிடல் பட்டப்படிப்புகளான பி.பிளான், எம்.பிளான் படிக்கும் பிள்ளைகள் இந்த வேலைக்கு அவசியம் வர வேண்டும். வரைபடம் போடுவதைவிட, போட்டதைக் காப்பாற்றத்தான் இங்கே ஆள் வேண்டும்.

நோட்டீஸ் கொடுத்து அந்தக் கட்டுமானத்தை நிறுத்தினோம். பட்டா மாற்ற மனு கொடுத்திருக்கிறோம், வழக்கு நடக்கிறது. இளைஞர் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். ஆசிரியை அந்த நகலை லேமினேட் செய்து, தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டார்.