நல்ல துணி சீட்டுக்கு மேல் ரெக்சின் போடாதீர்கள்

சீட் தைக்கிற எங்கள் கடைக்குப் போன வாரமும் ஒன்று வந்தது. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருக்கும். கம்பெனியே போட்டுக் கொடுத்த துணி சீட், இடுப்பையும் தோளையும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி பக்கத் திண்டுகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மேல் பளபளவென்று சிவப்பு ரெக்சின் உறை இழுத்து மாட்டியிருந்தது. சீட்டின் ஓரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதித் தொங்கும் சின்னப் பட்டையும் உறைக்குள்ளே போய்விட்டது. கார்க்காரர் அதைக் கழற்றச் சொல்லி வரவில்லை. "வளைவுல திரும்பும்போது வழுக்குது சார். ரெண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் ஸ்பாஞ்ச் வெச்சுத் தைக்க முடியுமா?" என்று கேட்டார்.

ஏன் மூடினீர்கள் என்று கேட்டால், வருகிற எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "துணின்னா பேஸ் மாடல் மாதிரி தெரியுது."

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். குடும்பக் கார்களில் விலை குறைந்த மாடலுக்குத் துணி, விலை கூடியதற்குத் தோல் என்று கம்பெனிகளே பழக்கிவிட்டன. அந்தக் கணக்கை அப்படியே ஸ்போர்ட்ஸ் காருக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்தான் தப்பு நடக்கிறது. ஃபெராரி எஃப்40 என்று ஒரு கார், 1987-இல் வந்தது. உள்ளே தரைவிரிப்பு கிடையாது, ரேடியோ கிடையாது, கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கயிறு. சீட்டுக்குச் சிவப்புத் துணி. காசு இல்லாமலா ஃபெராரி துணி போட்டது? 1976-இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காருக்குக் கட்டம் போட்ட துணிதான் அடையாளம். இன்றும் புது ஜிடிஐ-யில் அந்தக் கட்டத்தைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். போர்ஷே 911-இன் பழைய வண்டிகளில் கறுப்பு வெள்ளைக் கட்டத் துணியோடு வந்தவற்றைச் சேகரிப்பவர்கள் கொண்டாடுகிறார்கள். பந்தயத்துக்கென்றே செய்யும் சீட்டுகளைப் பாருங்கள், பெரும்பாலும் துணிதான். சில கார் சீட்டுகளில் வரும், தோல் மாதிரியே மென்மையான அல்கான்டாராவைத் தடவிப் பார்த்துவிட்டு "இதுதான் சார் ஒரிஜினல் தோல்" என்பவர்களும் உண்டு. அது ஜப்பானில் 1970-இல் கண்டுபிடித்த செயற்கைப் பொருள், பாலியஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்தது. ஒரு மாட்டுக்கும் அதில் பங்கில்லை.

துணி ஏன் என்றால், பிடிக்கும் என்பதால். நல்ல டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் ஒரு 'ஜி' அளவுக்குப் பக்கவாட்டு விசை தரும். அதாவது எழுபது கிலோ ஆளை எழுபது கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுகிறது. சீட் பிடிக்கவில்லையென்றால் ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவார், முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுப்பார். ஸ்டியரிங் நீங்கள் தொங்குவதற்கு வைத்ததில்லை. இரண்டு கையும் உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்தால் வண்டி என்ன சொல்கிறது என்று எந்த விரலுக்குத் தெரியும்? வழுக்குகிற உறைக்கு அடியில் ஸ்பாஞ்சைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. உறையைக் கழற்றுங்கள், போதும்.

தோல் சீட்டே கூடாது என்று சொல்லவில்லை. வடிவம் சரியாக இருந்தால் தோலும் நன்றாகவே பிடிக்கும். காபி கொட்டினால் துடைத்துவிடலாம், நாய் முடி ஒட்டாது. கூரை திறக்கும் கார் என்றால் நானே தோலைத்தான் சொல்வேன். திடீர் மழையில் துணி நனைந்தால் அடியில் இருக்கும் ஃபோம் முழுக்கத் தண்ணீரைக் குடித்துவிடும், காய நாளாகும், அதற்குள் வாடை வந்துவிடும். மற்றபடி வெயிலில் நின்ற காரில் கறுப்புத் தோல் தொடையைச் சுடும், குளிரில் சில்லிடும், நெடுந்தூரம் போனால் முதுகு வியர்க்கும். என்னைக் கேட்டால், உட்காரும் நடுப்பகுதி துணியாகவும், ஏறி இறங்கும்போது உரசுகிற பக்கத் திண்டு தோலாகவும் வருகிற சீட்தான் சிறந்தது. தேய்கிற இடத்தில் தேய்மானம் தாங்குவது, பிடிக்கிற இடத்தில் பிடிப்பது.

தோல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "முழுத் தோல்" என்று நீங்கள் நினைக்கும் பல சீட்டுகளில் உடம்பு படும் முன்பக்கம் மட்டும்தான் தோல், பக்கமும் பின்னாலும் ரெக்சின். அந்தத் தோலுக்கும் மேலே நிறமும் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கிறது. உங்கள் கை தொடுவது அந்தப் பூச்சைத்தான். அதன் மேல் மாதாமாதம் எண்ணெய் தடவுவது, வார்னிஷ் அடித்த மேசைக்கு எண்ணெய் ஊற்றி மரம் குடிக்கட்டும் என்று காத்திருப்பது மாதிரி. உள்ளே போகாத எண்ணெய் மேலே நின்று தூசியைப் பிடிக்கும், தையல் இடுக்கில் கறுப்பாகத் தங்கும். காற்று வருவதற்காகத் துளை போட்ட சீட் என்றால் துளையை அடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, சீட் வழுக்கும். பளபளப்புக்காக அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரே இன்னும் மோசம். ஈரத்துணி, தோலுக்கென்று விற்கும் மிதமான சோப்பு, அவ்வளவு போதும். கறை போகவில்லையென்று வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சால் தேய்க்காதீர்கள், கறையோடு பூச்சும் போய்விடும். அந்த இடம்தான் முதலில் வெடிக்கும்.

இப்போது ஏர்பேக். சீட்டின் பக்கத்தில் ஏர்பேக் இருந்தால், அந்தப் பக்கத்தை எதைக் கொண்டும் மூடக் கூடாது. இதற்கு விளக்கம் வேண்டுமா என்ன? பக்கவாட்டு மோதலில் கதவுக்கும் விலா எலும்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இருக்காது, கண் இமைப்பதற்குள் அது பிரிந்து வெளியே வந்தாக வேண்டும். பிரிவதற்கென்றே கணக்குப் பார்த்துத் தைத்த தையல் ஒன்று அங்கே இருக்கிறது. "பலமா இருக்கட்டும்" என்று அதையே நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொண்டுவருகிறார்கள். கண்ணீர் வராத குறை. சீட்டைத் துணி மாற்றக் கொடுப்பதாக இருந்தால், ஏர்பேக் தையலுக்கு எந்த நூல், எத்தனை தையல் என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் சீட்டைக் கொடுக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயரின் மஞ்சள் நிற இணைப்பைப் பார்த்தால் நீங்களாகப் பிடுங்க வேண்டாம். பயணி சீட்டின் குஷனுக்குள் ஆள் இருப்பதை உணரும் சென்சாரும் இருக்கலாம், தடித்த உறை அதையும் ஏமாற்றும்.

அப்புறம், பிடித்த துணியைக் கடையில் வாங்கிவந்து "இதையே தைங்க" என்பவர்களுக்கு. காருக்குள் போடும் துணி தீயில் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு விதி இருக்கிறது. அமெரிக்க விதிப்படி நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது. திரைச்சீலைக்கு நெய்த துணி அந்தச் சோதனையைப் பார்த்தே இருக்காது. காருக்கென்று விற்பதை மட்டும் கொண்டுவாருங்கள்.

இன்னும் வாங்கவில்லை, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு வகை சீட்டிலும் தலா அரை மணி நேரம் உட்காருங்கள், முடிந்தால் வளைவுகள் உள்ள ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். அஞ்சாறு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். தாழ்வான காரில் கதவுப் பக்கத் திண்டின் மேல் உரசித்தான் எல்லோரும் இறங்குகிறோம். துணி அங்கே பஞ்சு தட்டும், தோல் அங்கே வெடிக்கும். பழைய கார் பார்க்கப் போனாலும் ஓட்டுநர் சீட்டில் முதலில் அந்த மூலையைத் தொட்டுப் பாருங்கள், ஓடிய கிலோமீட்டரை மீட்டரைவிட அது யோக்கியமாகச் சொல்லும். ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் உலோகப் பொட்டு இருந்தால் எந்த சீட்டுக்கும் எமன், புது நீல ஜீன்ஸ் வெளிர்நிறத் தோலில் சாயத்தையும் விட்டுவிட்டுப் போகும். இறங்கும்போது ஒரு கையைக் கதவுச் சட்டத்தில் ஊன்றி, உடம்பைத் தூக்கி இறங்கப் பழகிக்கொள்ளுங்கள்.